கனடாத் தொட்டிலும் நான் சொன்ன இரண்டு பொய்களும்

போன வருடம் ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழாக் காலம். மானிப்பாயில் எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவில் பாதிப்பேர் விரதம், மீதிப்பேர் விரதகாரருக்குச் சமையல். நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவள். திருவிழா தொடங்கினால் சட்டை தைக்க வருகிறவர்களுக்கு நேரம் காலம் கிடையாது. அந்த அமளிக்குள்தான் இது நடந்தது. நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடிந்ததும் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

முதலில் தொட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த பிறகு, கனடாவில் இருக்கும் என் அண்ணை கப்பலில் ஒரு பெரிய பெட்டி அனுப்பினார். எங்கள் வெயிலுக்கு ஒருநாளும் போடமுடியாத குளிர்ச்சட்டைகள், சவர்க்காரம், சொக்கிலேற், இரண்டு தாச்சிச் சட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் கழற்றி அடுக்கிய ஒரு குழந்தைத் தொட்டில். அண்ணையின் பிள்ளைகள் இரண்டு பேரும் கிடந்து வளர்ந்த தொட்டில். வெள்ளை நிறம், சுற்றிவர மரச் சட்டங்கள், உருட்ட நாலு சில்லு. அதன் விசேஷம் என்னவென்றால், ஒரு பக்கத்தை மட்டும் ஜன்னல் மாதிரிக் கீழே இறக்கலாம். குனியாமலே பிள்ளையைத் தூக்கலாம், பிறகு மேலே ஏற்றிப் பூட்டிவிடலாம்.

எங்கள் பக்கத்தில் அதுவரை பிள்ளைகள் ஏணையில்தான் தூங்கினார்கள். ஒரு பழைய சேலையைக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. அப்போது எனக்கு மூத்தவன் வயிற்றில் ஆறு மாதம். என்னைப் பார்க்க வந்தவர்களைவிடத் தொட்டிலைப் பார்க்க வந்தவர்கள்தான் கூட. ஒருத்தர் பக்கத்தை இறக்குவார், இன்னொருத்தர் ஏற்றுவார். நான் கதிரையில் சாய்ந்திருந்து ராணி மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெருமை என்றால் அப்படியொரு பெருமை.

என் இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு தொட்டில் ஒழுங்கைக்குள் இறங்கியது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் என்னிடம்தான் சொல்லிவைப்பார்கள். ஏழு வீடு போய் வந்தது. அண்ணையின் இரண்டு, என் இரண்டு, ஒழுங்கையில் ஏழு. ஆகப் பதினொரு பிள்ளைகள். ராசியான தொட்டில் என்று பெயரும் எடுத்துவிட்டது. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கறி அனுப்பிய பாத்திரத்தைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது, இரண்டு கத்தரிக்காயாவது உள்ளே இருக்கும். தொட்டிலுக்கும் அதே முறைதான். திரும்பி வரும்போது உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம், சீனி, அடுத்த பிள்ளைக்கு ஒரு புதுச்சட்டை எல்லாம் இருக்கும். இன்னொன்றும் சொல்வார்கள். பிள்ளை கிடந்த தொட்டிலை விற்கக்கூடாது, விறகாக்கக்கூடாது, எறியவும் கூடாது.

விற்கவும் கூடாது, எறியவும் கூடாது என்றால் திருத்தித்தானே ஆகவேண்டும்? திருத்துவதற்கு எங்கள் வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார். என் வீட்டுக்காரர் மினிபஸ் ஓட்டுகிறவர். அந்த மினிபஸ்ஸில் பாதி கம்பியிலும் பழைய சைக்கிள் ரியூப்பிலும்தான் ஓடுகிறது. தொட்டிலின் ஆணி ஒன்று தொலைந்தபோது கம்பி சுற்றினார். இறங்கும் பக்கத்தின் கொழுக்கி உடைந்தபோது ரியூப் கட்டினார். “யானை வந்தாலும் அசையாது” என்றார். மூத்தவன் சட்டம் ஒன்றைப் பிடுங்கிக் கிரிக்கெட் விளையாட விக்கெட்டாக நட்டுவிட்டு எங்கேயோ தொலைத்துவிட்டான். கனடாவிலிருந்து வந்த மெத்தை பிய்ந்ததும் நான் இலவம்பஞ்சில் ஒன்று தைத்தேன். நான் தைத்த எத்தனையோ சட்டைகளில் குறை சொல்ல ஆள் இல்லை, ஆனால் அந்த மெத்தை மட்டும் நாலு விரல் குறைந்துவிட்டது. போர்வையை மடித்து அந்த இடைவெளிக்குள் அடைத்தேன். சரியென்று இருந்துவிட்டோம்.

இனி ரீச்சருக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. சின்ன வகுப்புப் படிப்பிக்கிறவ. ஒழுங்கையில் எல்லோருக்கும் அவ ரீச்சர்தான். கலியாணம் முடித்து வந்து ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் ஐந்து முறை தொட்டில் வீடு மாறியது. ஐந்து முறையும் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னுக்குப் போனது ரீச்சர்தான். யாரும் கேட்கவில்லை, தானாக வருவா. பின்னால் ஆண்கள் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போக, இவ முன்னுக்குப் பகிடி விட்டுக்கொண்டு போவா.

ஐந்தாவது முறை ஒரு வீட்டு வாசற்படலையில் வைத்து, அந்த வீட்டுக்கு வந்திருந்த ஒரு உறவுக்காரி மெத்தையை ரீச்சரின் தலையிலிருந்து வாங்கிக்கொண்டா. “நீங்கள் நில்லுங்கோ, நான் கொண்டுபோறன்” என்று மட்டும்தான் சொன்னா. ஏன் வாங்கினா என்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. ரீச்சர் சிரித்துக்கொண்டே வெளியில் நின்றா. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாய் எங்கெங்கோ எல்லாம் வேலை செய்யும், அன்றைக்கு மட்டும் அடைத்துவிட்டது.

அந்த ரீச்சருக்குத்தான் போன வருடம் பிள்ளை தங்கியது. மூன்றாம் மாதம் முடிந்ததும் நேரே என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வந்து நின்றா.

“அக்கா, இந்த முறை என்ரை முறை.”

அவ்வளவுதான் சொன்னா. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். சட்டை வாங்க வந்திருந்த பெட்டையொன்று, யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோனாள்.

ஆவணியில் ரீச்சருக்கு எட்டாவது மாதம். கனக்க நடக்கவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் தொட்டிலைச் சாமான் அறையிலிருந்து இறக்கி, கழுவித் துடைத்து, விறாந்தையில் வைத்திருந்தேன். சுற்றிவரக் கட்ட மஞ்சளில் பூப்போட்ட துணி தைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த குடும்பநல மருத்துவிச்சி, எங்கள் பேச்சில் மிஸி, படலையைத் திறந்துகொண்டு வந்தா. கரவெட்டிப் பிள்ளை, வயது முப்பது இருக்காது. ரீச்சரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறா.

“அம்மா, ரீச்சருக்குக் குடுக்கப்போற தொட்டிலை ஒருக்காப் பாக்கலாமோ? அவ ஒரே தொட்டில் கதைதான்.”

அம்மா என்று கூப்பிட்டதிலேயே எனக்குப் பாதிக் கோபம். எனக்கு நாற்பத்தைந்து வயதுதான். ஆனாலும் தொட்டிலைப் பார்க்க வந்தவவாச்சே என்று பெருமையோடு காட்டினேன்.

மிஸி ஒரு சுற்றுச் சுற்றி வந்தா. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையைப் பொத்தி உள்ளே விட்டா. காப்புப் போட்ட கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. விக்கெட்டாகப் போன சட்டத்தின் இடத்தில் கையை வைத்து அளந்தா. பிறகு ரியூப் கட்டைத் தொட்டுப் பார்த்தா.

“உந்த இடைவெளிக்குள்ளாலை பிள்ளையின்ரை உடம்பு போகும் அம்மா, தலை போகாது. மெத்தைப் பக்கத்திலை முகம் புதைஞ்சால் மூச்சு முட்டும். உது குடுக்கவேண்டாம்.”

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

“பதினொரு பிள்ளையள் கிடந்து வளர்ந்த தொட்டில் பிள்ளை. கனடாச் சாமான். நீங்கள் பிறக்கேக்கை உங்களை எதிலை கிடத்தினவை? நாங்கள் எல்லாரும் சேலையிலை தூங்கித்தானே இவ்வளவு வளர்ந்தனாங்கள்!”

மிஸி கோபிக்கவில்லை. “ஒண்டும் நடக்காதது உங்கடை அதிர்ஷ்டம்” என்றா மெதுவாக.

அதிர்ஷ்டமாம்! நான் விறுவிறுவென்று குசினிக்குள் போனேன். விரதச் சமையலுக்கு வாங்கிவைத்த பூசணிக்காய் ஒன்று கிடந்தது. நாலு கிலோ வரும். அதைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து, பிள்ளையைக் கிடத்துவதுபோலத் தொட்டிலில் கிடத்தினேன். என் வீட்டுக்காரர் அப்போது வீட்டில்தான். தேத்தண்ணியோடு வந்து வேடிக்கை பார்த்தார்.

“இது பிறந்த பிள்ளையை விடப் பாரம். பாருங்கோ இப்ப” என்று மிஸிக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கக் குனிகிற தாய் மாதிரி அந்தப் பக்கத்தில் சாய்ந்தேன்.

டப்பென்று ரியூப் அறுந்தது. பக்கம் ஒரு முனையில் மட்டும் கழன்று சரிந்தது. பூசணிக்காய் மெல்ல உருண்டு வந்து, மெத்தைக்கும் சரிந்த சட்டத்துக்கும் நடுவில் போய் இறுகி நின்றது. துவாய் மட்டும் மேலே கொஞ்சம் தெரிந்தது. ஒரு கணம்தான். பிறகு கீழே விழுந்து, மிஸியின் காலடியில் இரண்டாகப் பிளந்தது.

“கண்ணூறு கழிஞ்சுதெண்டு நினையும்” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரிக்கத் தொடங்கினேன். நடுவில் நின்றுவிட்டது. அந்த இடுக்குக்குள் இறுகி நின்ற துவாய்தான் கண்ணுக்குள் நின்றது. என் மகள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது அதே இடுக்கில் கால் மாட்டிக்கொண்டு கத்தியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஓடிவந்து எடுத்துவிட்டு, குழப்படிக்காரி என்று சிரித்தோம். கால் மாட்டிய இடத்தில் கழுத்து மாட்டியிருந்தால்? பதினொரு பிள்ளைகளின் முகமும் ஒவ்வொன்றாக வந்தது. நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மிஸி தண்ணீர் எடுத்துவந்து தந்தா.

“நான் ரீச்சரிட்டைச் சொல்லட்டோ அம்மா?”

“வேண்டாம். நான் சொல்லுறன்” என்றேன். தொட்டில்காரி நான்தானே. அந்த வீம்பு அப்போதும் போகவில்லை.

பின்னேரம் அண்ணையை வீடியோக் கோலில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார்.

“ஓம் பிள்ளை. அந்த நேரம் இங்கை கதை வந்தது, பக்கம் இறங்கிற தொட்டில் சரியில்லை எண்டு. இப்ப அந்த வகையை விக்கவே விடமாட்டாங்கள். எனக்குக் குப்பையிலை போட மனம் வரேல்லை. அதுதான் பெட்டிக்குள்ளை வைச்சு விட்டனான்.”

“குப்பையிலை போடவேண்டியதை எனக்கோ அண்ணை அனுப்பினனீ?”

“ஊரிலைதானே, ஒண்டும் ஆகாது எண்டு நினைச்சன்.”

நான் கோலைக் கட் பண்ணிவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அண்ணையை மட்டும் பேசி என்ன பயன்? வெளிநாட்டுப் பெட்டிக்குள் வந்துவிட்டால் கிழிந்த சப்பாத்தையும் அலுமாரிக்குள் பூட்டிவைக்கிற ஆட்கள் நாங்கள். ஊரில் எங்காவது வாங்கிய தொட்டிலாக இருந்திருந்தால் ஆணி தொலைந்த அன்றைக்கே ஓரமாக வைத்திருப்போம். கனடா என்ற சொல்லுக்குத்தான் நாங்கள் கம்பி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உடைந்த பூசணிக்காயைக் கறி வைத்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை. அடுத்த நாள் புதிதாகச் சமைத்த பருப்புக்கறியை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவதென்று.

ரீச்சர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனா. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, சுவருக்கு இளம்பச்சை அடிப்பித்து வைத்திருந்தா. நிலத்தில் சோக்கால் ஒரு பெட்டி கீறியிருந்தது. தொட்டில் நிற்க வேண்டிய இடம். பள்ளிக்கூடப் பழக்கம்.

“எப்ப அக்கா கொண்டுவாறியள்? எனக்கு இந்த முறை மெத்தை தூக்க ஏலாது. வேறை ஆளைப் பிடியுங்கோ” என்று சொல்லி அப்படிச் சிரித்தா.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? ஒன்பது வருடம் மற்றவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தவ. இன்றைக்குத் தன் முறை வந்திருக்கும்போது, உனக்கு மட்டும் இல்லை என்று நான் சொல்வதா? நாக்கு உள்ளே போய்விட்டது. வெளியே வந்தது ஒரு பொய்.

“அதில்லை ரீச்சர்... தொட்டிலைக் கறையான் அரிச்சுப்போட்டுது.”

“அவ்வளவுதானே? என்ரை அண்ணைக்குத் தச்சுவேலை தெரியும். நாளைக்கே வந்து பாக்கச் சொல்லுறன்.”

அவர் வந்து பார்த்தால்? கறையான் எங்கே என்று கேட்டால்? பயத்தில் இரண்டாவது பொய்யும் வந்து விழுந்தது.

“இல்லை... கனடாவிலை அண்ணை தொட்டிலைத் திருப்பிக் கேக்கிறார். தன்ரை மகளுக்கு வேணுமாம்.”

கறையான் அரித்த தொட்டிலைக் கனடாவுக்குக் கப்பலில் ஏற்றப்போகிறார்களாம்! முதலாம் வகுப்புப் பிள்ளையும் நம்பாத பொய். தினமும் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் பொய்களைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் போய் அதைச் சொன்னேன். ரீச்சர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தா. பிறகு, “பரவாயில்லை அக்கா” என்றா. நானும் தையல் வேலை இருக்கென்று எழும்பி ஓடிவந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ரீச்சரின் வீட்டுக்காரர் என் பாத்திரத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

ஒன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து என் பாத்திரம் வெறுமனே வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த ஒரு ரொபி மிட்டாயாவது உள்ளே கிடக்கும். குசினி வாசலில் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்ப் படலையடியில் அவரை மறித்தேன்.

“தம்பி, ரீச்சர் எப்பிடி இருக்கிறா?”

அவர் சொல்ல விரும்பவில்லை. நான் விடவில்லை. கடைசியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை அக்கா. தன்ரை கை சரியில்லை எண்டு நினைச்சுத்தான் நீங்கள் தரேல்லையாம். தொட்டிலின்ரை ராசி போயிடும் எண்டு பயப்பிடுறியளாம். அக்காவும் அப்பிடித்தானோ எண்டு அழுதுகொண்டிருக்கிறா.”

என் கன்னத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது. அன்றைக்குப் படலையில் வைத்து மெத்தையை வாங்கியவளோடு என்னையும் சேர்த்துவிட்டா. சேர்க்காமல் என்ன செய்வா? அன்றைக்கும் நான் பேசவில்லை. இன்றைக்குப் பேச வாய் திறந்து பொய்யாகக் கொட்டிவிட்டேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று போய், அந்தப் பிள்ளையின் தாயைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

“இஞ்சேருங்கோ!” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். “தொட்டிலைத் தூக்குங்கோ.”

“எங்கை?”

“ரீச்சர் வீட்டை.”

“மிஸி வேண்டாமெண்டவ எல்லோ?”

“தூக்குங்கோ எண்டுறன்!”

நல்ல வெயில். நானும் அவருமாக ஒரு முனையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் போனோம். அறுந்த பக்கம் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. ரீச்சரின் வீட்டுக்காரர் ஒன்றும் விளங்காமல் பின்னால் வந்தார். அந்தந்த வீட்டு வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப்பார்த்தன. ரீச்சர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் இறக்கினேன். ரீச்சர் விறாந்தைக்கு வந்தா. கண் இரண்டும் வீங்கியிருந்தது.

“ரீச்சர், நான் சொன்னது ரெண்டும் பொய். கறையானும் இல்லை, கனடாவும் இல்லை. உங்கடை கையைப் பற்றி நான் ஒருநாளும் அப்பிடி நினைச்சதில்லை. சாமி சத்தியம். இப்ப இதைப் பாருங்கோ.”

முற்றத்தில் தேங்காய் குவித்திருந்தது. ஒன்றை எடுத்துத் தொட்டிலில் கிடத்தினேன். மிஸி சொன்னது ஒவ்வொன்றையும் காட்டினேன். கையைப் பொத்தி விட்டுக் காட்டினேன். பிறகு ஆடிய பக்கத்தை நிமிர்த்தி அதில் சாய்ந்தேன். பக்கம் சரிந்தது, தேங்காய் உருண்டு விழுந்து ரீச்சரின் காலடிக்குப் போனது.

ரீச்சர் “ஐயோ!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டா. தேங்காயைப் பார்த்தா, தொட்டிலைப் பார்த்தா, வேர்த்து விறுவிறுத்து நின்ற என்னைப் பார்த்தா. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பார்த்தால் சிரிப்பு. தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறா.

“கறையான் அரிச்ச தொட்டிலைக் கனடாவுக்கு அனுப்பப்போறன் எண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி அக்கா மனம் வந்தது? என்ரை பிள்ளையள் இதைவிட நல்லாப் பொய் சொல்லுவினம்!”

“வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன்.”

“முதலே சொல்லியிருந்தால் ஓமெண்டு விட்டிருப்பனே. எனக்குத் தொட்டிலோ பெரிசு?” என்றா. “நீங்களும் என்னை அப்பிடி நினைச்சிட்டியளோ எண்டுதான்...”

நான் போய்ப் பக்கத்தில் இருந்து அவவின் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் படலையில் வாய் திறக்காமல் நின்றதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். ரீச்சர் என் தோளில் கொஞ்சநேரம் தலையை வைத்துக்கொண்டிருந்தா. பிறகு, “பசிக்குது அக்கா” என்றா. நான் அவவின் குசினிக்குள் புகுந்து, கிடந்த மாவில் புட்டு அவித்தேன். மூன்று துண்டு சாப்பிட்டா. என் வாழ்க்கையில் யாரும் சாப்பிடுவதை நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் முற்றத்தில் நின்ற தொட்டிலைப் பார்த்துக் கேட்டா. “இனி உதை என்ன செய்யிறது? விக்கவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது. எறிஞ்சால் ஆரேனும் எடுத்து ஒரு பிள்ளையைக் கிடத்திப்போடுவினம்.”

“நீங்கள்தான் சொல்லவேணும். இப்ப உங்கடை முறைதானே” என்றேன்.

ரீச்சரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும்! வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து இருந்தா. “அப்ப ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தொட்டிலிலை கிடந்த பிள்ளையள் எல்லாரும் இஞ்சை வரவேணும். திருகாணி கழட்டிற சாமானோடை.”

வந்தார்கள். என் இரண்டும் ஒழுங்கையின் ஏழும். பெரியவனுக்கு மீசை அரும்புகிறது. கடைசிக்கு இரண்டு வயது, மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தது. அண்ணையின் பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில் அரைத்தூக்கத்தில் வீடியோவில் வந்தார்கள். மிஸியையும் கூப்பிட்டிருந்தோம். ரீச்சர் கதிரையில் இருந்துகொண்டு கட்டளை போட, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு சட்டம் கழற்றினார்கள். என் வீட்டுக்காரர் சுற்றிய கம்பியைக் கழற்றத்தான் அதிக நேரம் எடுத்தது. அது அவருக்கு அன்றைக்கு முழுக்கப் பெருமை. சரிகிற பக்கத்தின் இரும்புகளை மிஸி ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தா, யாரும் திரும்பப் பூட்டிவிடக்கூடாதென்று.

ஒரு வீட்டில் அந்தச் சட்டம் துவாய் போடுகிற தடியானது. இன்னொரு வீட்டில் தக்காளிக்கு ஊன்றுகோல். ஒரு வீட்டார் இரண்டு சட்டம் எடுத்து ஆட்டுக்கொட்டில் கதவுக்கு அடித்தார்கள். “எனக்கு ஒண்டும் இல்லையோ?” என்று அண்ணை வீடியோவில் கேட்டார். “உனக்குத்தான் முழுசா இருந்ததே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சரிகிற பக்கத்தின் முழுச் சட்டகத்தையும் ரீச்சர் தனக்கென்று வைத்துக்கொண்டா. பிள்ளையின் துணி காயப்போட அது நல்ல வசதி. ஆக ஒன்றும் விற்கவில்லை, எரிக்கவில்லை, எறியவும் இல்லை.

புரட்டாதியில் ரீச்சருக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை தாயின் பக்கத்தில், மிஸி சொன்னபடி தலையணை இல்லாத தட்டையான மெத்தையில், நுளம்பு வலைக்குள் தூங்குகிறது. அந்த மெத்தையை நான்தான் தைத்தேன். மிஸி வந்து நாலு பக்கமும் கையை விட்டுப் பார்த்து, “இது சரி அக்கா” என்றா. அக்கா என்று சொன்னதைக் கவனித்தீர்களா? எனக்கு அன்றைக்கு முழுக்க நிலத்தில் கால் பாவவில்லை.

பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக்கழிவுக்கு ஒழுங்கை முழுக்க ரீச்சர் வீட்டில்தான். எனக்கு முன்னால் நாலைந்து பெரியவர்கள் நின்றார்கள். ரீச்சர் எல்லோரையும் தாண்டி வந்து பிள்ளையை என் மடியில் வைத்தா. நான் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தேன். பால் குடித்த களைப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. இது அந்த இடுக்கில் ஒருநாளும் கிடக்கவில்லையே என்ற நிம்மதியில் எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான்.

போன மாதம் ஒழுங்கைக்குப் புதிதாக வந்த ஒரு பெட்டை, பழைய பிள்ளைச் சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். சாமான் அறையில் ஒரு நடைவண்டி கிடக்கிறது, அதன் சில்லு ஆடும். “இருக்கு, ஆனால் தரமாட்டன் பிள்ளை, அது பழுது” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் ஒன்றும் குறையாக நினைக்கவில்லை. தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டுத்தான் போனாள். இல்லை என்று சொல்வது இவ்வளவு சுகமான காரியம் என்று எனக்கு நாற்பத்தைந்து வயது வரைக்கும் தெரியாமல் போய்விட்டது. தொட்டிலில் இருந்த ஆபத்தை அந்த மிஸி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தா. மனம் நோகக்கூடாது என்று நினைத்து நான் சொன்ன பொய்யில் அதைவிடப் பெரிய ஆபத்து இருந்ததை, ஒரு கர்ப்பிணி இரண்டு நாள் பசியோடு கிடந்த பிறகுதான் நான் கண்டுபிடித்தேன்.